மெதுவின் விலை

செக்காலை ரோட்டுப் பட்டறையில்
இறக்கையைக் குப்புறப் போட்டு
அதன் வயிற்றில் உப்பு மூட்டை அடுக்கினோம்.
பதினெட்டாவது மூட்டைக்கு
நுனி நாலு விரல் தாழ்ந்தது.
இருபத்திரண்டில் இன்னாசி
வெல்டிங் கண்ணாடியைக் கழற்றிவிட்டு
முனகலுக்குக் காது கொடுத்தான்.
ஒன்றும் முனகவில்லை.
உப்புக் கடைக்காரர் மட்டும்
மூட்டை எப்போது திரும்பும் என்று
மூன்று முறை போன் செய்தார்.

பறக்கும், அதில் சந்தேகமில்லை.
ஆனால் பள்ளத்தூர் பக்கம் வறண்ட கண்மாயில்
மடைக்கும் கருவேலங்காட்டுக்கும் நடுவே
கிடைப்பது நூற்றுப்பத்து மீட்டர்.
எங்கள் வண்டி கேட்பது நூற்றுநாற்பது.
மிச்சத்தை எந்தக் கடையில் போய் வாங்குவது?

ஃபிளாப்பைப் பெரிதாக்கு என்றான் சாத்தப்பன்.
பகலில் அவனுக்கு ஆடிட்டர் ஆபீஸ்.
"பின்விளிம்பை மடக்கினால்
தூக்குவிசை கடனாகக் கிடைக்கும்.
இழுவைதான் வட்டி."
எவ்வளவு வட்டி?
"இருபது டிகிரி வரை பேங்க் வட்டி.
நாற்பதுக்குப் போனால் மீட்டர் வட்டி.
ஏறும்போது இருபதோடு நிறுத்திக்கொள், உமையாள்.
இறங்கும்போது நாற்பது போடு,
எப்படியும் கடையை மூடத்தானே போகிறோம்."

முன்விளிம்பில் ஸ்லாட் வைத்தது என் யோசனை.
வேகம் குறைகையில் அது தானே முன்நகர்ந்து
ஒரு கீற்று வழி திறக்கும்.
அடிக்காற்று அதில் நுழைந்து மேலேறி
மேல்தோலில் சோர்ந்து நிற்கும் காற்றை
முதுகில் தட்டி ஓடவைக்கும்.

கண்டாங்கித் தறியில் மிஞ்சிய சிவப்பு நூலை
விரல் நீளம் வெட்டி
இறக்கை மேல் நூற்றறுபது துண்டு ஒட்டினோம்.
வால் உச்சியில் ஒரு கேமரா.
காற்று ஒட்டி ஓடும்வரை நூலெல்லாம்
எண்ணெய் வைத்துச் சீவிய தலை மாதிரி
பின்னால் படிந்து கிடக்கும்.
காற்று கைவிட்ட இடத்தில் எழுந்து
முன்பக்கம் திரும்பிவிடும்.

ஆறாவது ஓட்டம். மூன்றாள் உயரம்.
இடது ஸ்லாட் திறந்தது.
வலது திறக்கவில்லை.
மிதித்தேனா, தள்ளினேனா, தெரியாது.
வானம் ஒருக்களித்தது,
மண் வந்து சக்கரத்தை அறைந்தது.
இன்னாசி ஓடிவந்து முதலில் என்னைப் பார்த்தான்,
பிறகு அவன் போட்ட வெல்டைப் பார்த்தான்.
இரண்டும் விட்டுப்போகவில்லை.

இரவு படத்தை நிறுத்தி நிறுத்தி ஓட்டினோம்.
வலப்பக்க நூல்கள் ஒன்றுவிடாமல்
திரும்பி நின்றன,
என் கைக்குத் தெரிவதற்கு முழுதாய் ஒரு நொடி முன்பே.

ஸ்லாட் ஓடும் தண்டில்
நத்தை ஓட்டுச் சில்லு ஒன்று சிக்கியிருந்தது.
நகத்தில் பாதி இருக்கும்.
தண்ணீர் போனபிறகும் கண்மாயை விடாத குடி.

அசையும் எதுவும் வேண்டாம் என்றேன்.
திறந்தபடியே வைத்து ரிவெட் அடி.
"மணிக்குப் பதினெட்டுக் கிலோமீட்டர் போச்சு,"
சாத்தப்பன் தலையில் கைவைத்தான்.
"மதுரைக்கு ஐந்து நிமிஷம் லேட்டாகும்."
அந்த ஐந்து நிமிஷத்தில்
மதுரையில் என்ன செய்வாய்?
அவன் யோசித்துக்கொண்டிருக்க
ஜிகர்தண்டா என்றான் இன்னாசி.

வால் இறக்கையின் அடியில்
தகரத் துணுக்குகள் இருபத்துநாலு ஒட்டினோம்,
ஃபிளாப் இறங்கும்போது மூக்கு
முழுப்பாரத்தோடு கவிழாமலிருக்க.

பங்குனிக் கடைசி, காலை ஆறேகால்.
எதிர்க்காற்று கன்னத்தில் தெரியும் அளவு.
சக்கரத்தடம் முடிந்த இடத்தில்
சாத்தப்பன் ஒரு செங்கல் வைத்தான்.
டேப்பைப் பிடித்து இருமுறை அளந்தான்,
என்னை நம்பாதவன் மாதிரி.
எழுபத்துநாலு.
வரவு அறுபத்தாறு மீட்டர் என்று எழுதி
அடியில் கோடு போட்டான்.

மறுநாள் போனபோது
பையன்கள் அந்தச் செங்கல்லை
ஸ்டம்ப்புக்கு எடுத்துப் போயிருந்தார்கள்.
பவுலர் ஓடிவரும் தூரம்
எங்களுக்குப் போதாது.
இன்னும்.